வீட்டை வண்டியில் பூட்டி அமெரிக்காவைக் கடக்க நினைப்பவர்களுக்கு

எட்டரை அடி அகலத்தில் ஒரு மர வீடு. சாய்கூரை, வாசலில் கையகலத் திண்ணை, ஏணி ஏறிப் போனால் படுக்கை. வீட்டுக்கு அடியில் சக்கரங்கள், முன்னால் ஒரு பெரிய பிக்கப் டிரக். அமெரிக்காவில் இப்படி வீட்டோடு ஊர் ஊராகப் போகிறவர்களைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே வேலை பார்க்கும் உங்கள் பிள்ளையோ தம்பியோ 'நானும் இப்படிப் போகப்போகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். காணொளியில் வீடு பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும். அது ஓடும்போது என்ன ஆகிறது, அதற்கு என்ன ஆயத்தம் வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

முதல் சந்தேகம்: வீட்டுக்கு எதற்குச் சக்கரம்? ஊர் சுற்றுவதற்காக மட்டும் வந்ததல்ல அது. அமெரிக்க ஊர்கள் பலவற்றில் ஒரு வீடு குறைந்தது இத்தனை சதுர அடி இருக்க வேண்டும் என்று கட்டட விதி உண்டு. அயோவா மாநிலத்தில் ஜே ஷேஃபர் என்பவர் 1999-இல் நூறு சதுர அடிக்கும் குறைவாக ஒரு வீட்டைக் கட்டினார். விதிப்படி அது வீடே ஆகாது. அதனால் டிரெய்லர் மேல் கட்டினார். அப்படிக் கட்டிவிட்டால் அது வண்டிக் கணக்கில் போய்விடும், கட்டட விதி தொடாது. அவரைப் பார்த்துப் பலரும் அதே வழியில் கட்டினார்கள். ஆகவே இந்தக் குட்டி வீடுகள் (400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளை அங்கே டைனி ஹவுஸ் என்கிறார்கள்) எப்போதாவது நகர்த்துவதற்கு ஏற்றவை. நாள்தோறும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. இனி வருகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

'அப்படியானால் நீண்ட தூரம் இழுக்கவே முடியாதா?' முடியும். ஜென்னா ஸ்பெசார்ட், கியோம் டூட்டில் என்ற இருவர் 2014-இல் தங்கள் குட்டி வீட்டோடு கிளம்பி, ஓராண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 25,000 மைல் சுற்றினார்கள். ஆனால் எடை, உயரம், வேகம் மூன்றையும் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்தால்தான் இது நடக்கும்.

எடையிலிருந்து தொடங்குவோம், கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன. கடைகளில் விற்கும் பயண டிரெய்லர்கள் அலுமினியத் தகடும் லேசான பலகையும் கொண்டு எடை குறைத்துச் செய்யப்பட்டவை. குட்டி வீடு அப்படியல்ல. அசல் வீட்டைப் போலவே மரச்சட்டம், பலகைச் சுவர், கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை எல்லாம் உண்டு. இருபத்து நாலடி நீள வீடு ஒன்று 10,000 முதல் 15,000 பவுண்டு வரை இருக்கும், அதாவது நாலரை டன்னிலிருந்து ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு வரை. (அங்கே எடையைப் பவுண்டில்தான் சொல்வார்கள். ஒரு கிலோ சுமார் 2.2 பவுண்டு.)

'எங்கள் வீட்டில் இருக்கும் வண்டி இழுக்காதா?' அங்குள்ள நம் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும் ஹோண்டா ஒடிசியோ டொயோட்டா சியன்னாவோ 3,500 பவுண்டுக்கு மேல் இழுக்காது. அதை மறந்துவிடுங்கள். வாடகைக் காரும் ஆகாது. சாதாரண வாடகை ஒப்பந்தங்கள் டிரெய்லர் மாட்டுவதைப் பெரும்பாலும் தடுக்கின்றன. உங்களுக்குத் தேவை ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, 3500 போன்ற கனரகப் பிக்கப். டீசல் என்றால் மலையேற்றத்தில் மூச்சு வாங்காது.

இங்கே பலரும் ஒரு கணக்கில் சறுக்குகிறார்கள். விளம்பரத்தில் 'இந்த டிரக் 12,000 பவுண்டு இழுக்கும்' என்று போட்டிருக்கும். உங்கள் வீடும் 12,000 பவுண்டு. சரியாகப் போயிற்று என்று தோன்றும். ஆனால் வீட்டின் எடையில் ஒரு பங்கு டிரக்கின் முதுகிலேயே உட்காரும். இணைப்புக் கொக்கியின் மேல் அழுத்தும் அந்தப் பங்கு (முனைப்பாரம்) மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். பன்னிரண்டு விழுக்காடு என்று வைத்தாலும் 1,440 பவுண்டு. அதோடு நான்கு பேர், பெட்டிகள், கருவிகள், கொக்கியின் எடை எல்லாம் சேர்ந்தால் 2,300 பவுண்டைத் தாண்டிவிடும். சின்னப் பிக்கப்புகள் பல இவ்வளவைத் தாங்காது. டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஓர் ஒட்டுத்தாளில் 'ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் கூடாது' என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். விளம்பர எண்ணை விட்டுவிடுங்கள், அந்த எண்ணை நம்புங்கள்.

'முனைப்பாரம் ஏன் வேண்டும்? குறைத்துவிட்டால் டிரக்குக்கு நல்லதுதானே?' மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பாரம் ஏறினால் நுகத்தடி தூக்கிக்கொள்ளும், வண்டி கட்டுக்குள் நிற்காது. இங்கும் அதேதான். வீட்டின் பின்பக்கம் கனமாக இருந்தால், அறுபது மைல் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆட்டம் பெருகினால் டிரக்கையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே குளியலறையும் அடுப்பும் பின்னால் இருக்கிற வீடென்றால், புத்தகப் பெட்டிகளையும் பாத்திரங்களையும் அச்சுக்குச் சற்று முன்னால் தரையோடு வையுங்கள். மேல்தளப் பரணில் கனமானது எதுவும் வேண்டாம்.

அப்படியும் ஆட்டம் வந்துவிட்டால்? காலால் பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், ஆட்டத்தை முந்திக்கொண்டு வேகமெடுக்கவும் வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகக் கையால் அழுத்துங்கள். பின்னாலிருப்பது மெதுவாகும்போது கயிறு இழுபடுவதுபோல நேராகிவிடும்.

டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கா? ஆம். 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. டிரக்குக்குள் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு பெட்டி (பிரேக் கன்ட்ரோலர்) இருக்கும். நீங்கள் மிதிக்கும்போது வீட்டின் சக்கரங்களுக்கும் மின்சாரம் அனுப்பிப் பிரேக் போடச் செய்வது அதுதான். கொக்கி கழன்று வீடு தனியே போய்விட்டாலும் தானே பிரேக் விழும்படி ஒரு கம்பியும் சின்ன பேட்டரியும் டிரெய்லரிலேயே உண்டு. கிளம்புவதற்கு முன் அந்தக் கம்பியை இழுத்து, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். அந்த பேட்டரியை வருடக்கணக்கில் யாரும் தொடாமலே விட்டிருப்பார்கள்.

வீட்டின் சரியான எடையை எப்படி அறிவது? ஊகிக்க வேண்டாம். நெடுஞ்சாலை லாரி நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைகள் இருக்கின்றன, சிறு கட்டணத்தில் சீட்டு கையில் வந்துவிடும். முதலில் ஆட்களோடு டிரக்கை மட்டும் நிறுத்திப் போடுங்கள். பிறகு வீட்டை மாட்டிக்கொண்டு வந்து போடுங்கள். இரண்டாவது சீட்டில் டிரக்கின் அச்சுகளில் கூடியிருக்கும் எடைதான் முனைப்பாரம். அதோடு டிரெய்லர் அச்சுகளின் எடையைக் கூட்டினால் வீட்டின் முழு எடை. இந்த இரண்டு சீட்டு இல்லாமல் யாரும் கண்டத்தைக் கடக்கக் கிளம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். நாற்பது காலன் தண்ணீர் 330 பவுண்டுக்கு மேல் இருக்கும், பாதித் தொட்டி என்றால் உள்ளே அலைமோதும். ஓடும்போது தொட்டியைக் காலியாக வைத்திருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். சாலையில் சிறப்பு அனுமதி இல்லாமல் போகக்கூடிய அகலம் எட்டரை அடி. உயரத்துக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இல்லை. கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் 13 அடி 6 அங்குலம், மேற்கில் பெரும்பாலும் 14 அடி. பரண் வைத்த வீடுகளை அநேகமாக அந்தப் பதின்மூன்றரை அடி விளிம்பு வரைக்கும் கட்டிவிடுகிறார்கள், தலைக்கு இடம் வேண்டுமே! அதன்மேல் யாராவது புகைபோக்கிக் குழாயோ சூரியத்தகடோ வைத்திருந்தால் அளவு மீறிப் போயிருக்கும். கட்டியவர் சொன்ன அளவை நம்பாமல், டிரக்கில் மாட்டிய பிறகு, சமதளத்தில், கூரையின் உச்சத்தை நீங்களே அளந்து, எண்ணை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

'கூகுள் மேப் வழி காட்டாதா?' வழி காட்டும். ஆனால் பாலத்தின் அடியில் உங்கள் வீடு நுழையுமா என்று அது பார்க்காது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. அதன் கீழ் இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் இருந்தும் அதில் மோதிக் கூரை உரிந்த லாரிகள் ஏராளம். 2019-இல் பாலத்தை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள், அதன் பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. பதின்மூன்றரை அடி வீட்டோடு அங்கே போனால் கூரையே போய்விடும். கனெக்டிகட் மாநிலத்தின் மெரிட் பார்க்வே போன்ற பழைய அலங்காரச் சாலைகளில் டிரெய்லர்களுக்கு அனுமதியே இல்லை.

ஆகவே லாரி ஓட்டுநர்கள் வைத்திருப்பதையே நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உயரம், நீளம், எடையைப் பதிந்துவைத்தால் அதற்கேற்ற வழி சொல்லும் வழிகாட்டிக் கருவிகள் கிடைக்கின்றன. ராண்ட் மெக்னல்லி நிறுவனம் லாரிக்காரர்களுக்கென வெளியிடும் சாலை வரைபட நூலில் தாழ்வான பாலங்களின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. கைப்பேசிச் சமிக்ஞை இல்லாத மலைப்பகுதியில் அந்த நூல் கைகொடுக்கும்.

கிழக்கிலிருந்து மேற்கே போக எந்தச் சாலை நல்லது? நாட்டின் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலைகளில் நான்கைப் பார்ப்போம். ஐ-90 பாஸ்டனிலிருந்து சியாட்டில் வரை 3,000 மைலுக்குச் சற்று அதிகம். ஐ-80 நியூஜெர்சியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை. ஐ-40 வட கரோலினாவிலிருந்து கலிபோர்னியாவின் பார்ஸ்டோ வரை. ஐ-10 ஃபுளோரிடாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் சாண்டா மோனிகா வரை. ஐ-10-இல் ஏற்றம் குறைவு, பனி அரிது. ஆனால் கோடையில் அரிசோனா வெப்பம் டயர்களைக் கொல்லும். ஐ-40 ஓரளவு நடுநிலை. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே ஏழாயிரம் அடிக்கு ஏறுகிறது என்றாலும், ஏற்றம் பெரும்பாலும் படிப்படியாகத்தான் வருகிறது. செப்டம்பர், அக்டோபரில் போவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஐ-80-இல் என்ன கஷ்டம்? காற்று. வயோமிங் மாநிலத்தில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே வீசும் காற்று லாரிகளையே கவிழ்க்கும். எடை குறைந்த, உயரமான வண்டிகளை அந்தப் பகுதியில் விடாமல் சாலைத்துறை அடிக்கடி தடுத்து நிறுத்துகிறது. குட்டி வீட்டின் பக்கச் சுவர் காற்றுக்கு முழுதாக முகம் காட்டி நிற்பது. பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஐ-70 வழியாக கொலராடோ மலைகளைக் கடப்பதென்றால், 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு ஏறி, செங்குத்தான சரிவில் நெடுந்தூரம் இறங்க வேண்டும். முதல் பயணத்தில் அது வேண்டாம்.

இறக்கம்தான் ஏற்றத்தைவிட ஆபத்தானது. ஏற்றத்தில் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். இறக்கத்தில் ஆறு டன் வீடு பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, கீழ் கியருக்கு மாறி, எஞ்சினின் இழுப்பிலேயே இறங்குங்கள். பிரேக்கை விட்டுவிட்டுப் போடுங்கள். சாலையோரம் சரளைக்கல் கொட்டிய மேட்டுப்பாதைகள் தெரியும். பிரேக் போன வண்டிகள் ஏறி நிற்பதற்கானவை அவை. தேவைப்பட்டால் தயங்காமல் ஏறிவிடுங்கள், நாலு பேர் உயிரைவிட வீடு பெரிதல்ல.

வேகம் எவ்வளவு? கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் மேல்வரம்பு 55 மைல். மற்ற மாநிலங்களில் கூடுதலாக அனுமதித்தாலும், டிரெய்லர் டயர்கள் பல மணிக்கு 65 மைலுக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அறுபதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட, சாப்பிட, சோதிக்க என்று நிற்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 250 மைல் நிம்மதியான தூரம். மூவாயிரம் மைலுக்குப் பன்னிரண்டு நாள் ஓட்டம். இடையில் ஓய்வும் காற்றுக்கு நிற்பதும் சேர்த்து இரண்டரை வாரம் ஒதுக்குங்கள். கார் கணக்கில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினால் அவசரம் வரும், அவசரத்தில்தான் விபத்து.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் பொறித்திருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். நின்றுகொண்டே இருந்த வீட்டின் டயர் பார்க்கப் புதிதாக இருக்கும், ஆனால் வெயிலில் உள்ளே வெடிப்பு விட்டிருக்கும். ஐந்தாறு ஆண்டு தாண்டியிருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய சக்கரத்தின் போல்ட்டுகளை முதல் ஐம்பது மைலுக்குள் மீண்டும் முறுக்க வேண்டும்.

'குழந்தைகள் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு வரட்டுமே?' கூடவே கூடாது. இழுத்துப்போகும் இத்தகைய டிரெய்லருக்குள் ஆள் இருப்பதைப் பெரும்பாலான மாநிலங்கள் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும், சீட்பெல்ட் இல்லாத, அலமாரி பெயர்ந்து விழக்கூடிய ஓர் அறை அது. நாய், பூனைக்கும் டிரக்கில்தான் இடம்.

உள்ளே என்ன ஆகும்? வீடு மணிக்கணக்காகக் குலுங்கும். திருகுகள் தளரும், ஜன்னல் ஓரப் பசை பிரியும், கட்டாத அலமாரிக் கதவு திறந்து பாத்திரம் எல்லாம் தரைக்கு வரும். கதவுகளைத் தாழிட்டு, குளிர்பெட்டியைப் பட்டையால் கட்டி, சமையல் எரிவாயு உருளையின் வாயை மூடிவிட்டுக் கிளம்புங்கள். பால்டிமோர் போன்ற இடங்களில் சில சுரங்கப்பாதைகளில் எரிவாயு உருளைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, வழியை முன்பே பாருங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, சக்கரக் குடத்தருகே கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு.

உரிமமும் காப்பீடும்? சாதாரண ஓட்டுநர் உரிமம் பல மாநிலங்களில் போதும். எல்லா இடத்திலும் அல்ல. கலிபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட பயண டிரெய்லரை இழுக்கத் தனி வகை உரிமம் வேண்டும். உங்கள் உரிமம் எந்த மாநிலத்தினுடையதோ அங்கே கேளுங்கள். டிரக்கின் காப்பீடு, வீடு பிறர் மேல் மோதினால் வரும் இழப்பைப் பெரும்பாலும் ஏற்கும். ஆனால் வீட்டுக்கு வரும் சேதத்தை ஏற்காது. அதற்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். கையால் கட்டிய வீட்டுக்கு அது கிடைப்பது சிரமம். பயண வண்டித் தொழில் சங்கமான ஆர்விஐஏ-வின் முத்திரை பெற்ற வீடு என்றால் எளிது.

அந்த முத்திரை இன்னோர் இடத்திலும் உதவும். இரவு எங்கே தங்குவது என்ற கேள்வி வரும்போது, ஆர்.வி. பார்க்குகள் (பயண வண்டிகளுக்கு மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் தரும் தங்கிடங்கள்) தான் முதல் விடை. அவற்றில் சில, முத்திரை இல்லாத குட்டி வீட்டை உள்ளே விடுவதில்லை. தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போதே நீளம், உயரம், முத்திரை விவரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள். ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வகை இடத்தைக் கேட்டு வாங்குங்கள், ரிவர்ஸ் எடுக்கும் தொல்லை இருக்காது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வீட்டின் பின்புறம் போகும்.

மேற்கு மாநிலங்களில் நடுவண் அரசின் பொது நிலங்களில் பல இடங்களில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். தண்ணீரும் மின்சாரமும் இருக்காது. வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் ஓர் இரவு தங்குவது அந்தந்தக் கடை மேலாளரின் விருப்பம், உள்ளே போய்க் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். தேசியப் பூங்காக்களுக்குள் வீட்டை இழுத்துப் போகும் ஆசையை விடுங்கள். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் புகழ்பெற்ற மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீண்ட வண்டிக்கு இடமில்லை. வீட்டை வெளியே நிறுத்திவிட்டு டிரக்கில் போய்ப் பாருங்கள்.

செலவு? இழுக்கும்போது டிரக் ஒரு காலன் டீசலுக்கு எட்டு மைல் போனால், மூவாயிரம் மைலுக்கு 375 காலன், அதாவது 1,400 லிட்டருக்கு மேல். காலன் நான்கு டாலர் என்றால் 1,500 டாலர். தங்கும் கட்டணம், டயர் எல்லாம் தனி. டிரக்கை இதற்கென்றே வாங்குவதாக இருந்தால் கணக்கே வேறு. ஊர் மாறுவதற்காக ஒரே ஒரு தடவை நகர்த்துகிறீர்கள் என்றால், மைலுக்கு இவ்வளவு என்று கூலி பேசி இழுத்துத் தரும் தொழில்முறை ஓட்டுநர்களிடம் விடுங்கள். ஆண்டு முழுக்க ஊர் சுற்றும் ஆசை என்றால் லேசான பயண டிரெய்லரே போதும். கட்டிய வீட்டின் மேல் பாசமும், நிதானமாக ஒரு தேசத்தைப் பார்க்கும் பொறுமையும் இரண்டும் இருக்கிறவர்கள் தாங்களே இழுத்துப் போகலாம். அவர்களுக்கு அது வாழ்நாள் பயணம்தான்.

கடைசியாக, பலரும் கிளம்பிய பிறகு யோசிக்கும் கேள்வி: போய்ச் சேர்ந்ததும் எங்கே நிறுத்துவது? சொந்தக்காரர் வீட்டுக் கொல்லையில் நிறுத்திவிடலாம் என்று எண்ணாதீர்கள். பல ஊர்களில் சக்கர வீடு பயண வண்டியாகத்தான் கருதப்படும், அதில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி இல்லை. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரம் 2016-இல் கொல்லைப்புறத்தில் சக்கர வீட்டை அனுமதித்தது. வேறு சில ஊர்களும் அப்படிச் செய்திருக்கின்றன. உங்கள் ஊர் அந்த வகையா என்று அங்குள்ள நில வகைப்பாட்டு அலுவலகத்துக்கு (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று முடிவு செய்வது) எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்கும் நாளில் நிற்காது.

நிலத்துக்காரரிடம் ஒரு வேலை சொல்லிவிடுங்கள். பதினாலடிக் கழி ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்து வீடு நிற்கப்போகும் இடம் வரை நடந்து பார்க்கட்டும். கிளை கழியைத் தட்டினாலோ மின்கம்பி தாழ்வாகத் தெரிந்தாலோ உங்களுக்குச் சொல்லட்டும். கம்பியின் அருகே கழியைக் கொண்டுபோகவே வேண்டாம், மின்நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும். கிளைகளை நீங்கள் வருவதற்குள் வெட்டிவைத்துவிடலாம்.